எடுத்துப் பார்த்தால் தெரியும்: பாய்மரப் படகின் பாகங்களைக் கற்ற அனுபவம்

"டீச்சர், துடுப்பே இல்லாம அந்த அக்கா எப்படிப் படகு ஓட்டுறாங்க?"

கொடைக்கானல் ஏரிக்கரையில் என் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் நடந்த சமயம். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் பாய்மரப் படகில் சாய்ந்து அமர்ந்திருக்கும் செய்தித்தாள் படத்தை எங்கள் வகுப்பின் வாசிப்பு மூலையில் ஒட்டியிருந்தோம். பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். 2021இல் டோக்கியோ போட்டிக்குத் தகுதி பெற்றார். அடுத்து பாரிஸிலும் கலந்துகொண்டார். அந்தப் படத்தைத் தினமும் பார்த்த பிள்ளைகள், களப்பயணமாக ஏரிக்கு வந்ததும் அதே மாதிரிப் படகைத் தேடினார்கள். துடுப்புப் படகு இருந்தது, மிதி படகு இருந்தது, ஷிகாரா இருந்தது. பாய் கட்டிய படகை மட்டும் காணவில்லை.

நான் பணிபுரிவது பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில். காப்பியும் மிளகும் வாழையும் விளையும் ஊர். என் மாணவர்களில் பெரும்பாலானோர் கடலைப் பார்த்ததில்லை. கொடைக்கானல் ஏரியே அவர்களுக்குப் பெரிய நீர்ப்பரப்பு. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் என்பவரின் முயற்சியால் 1863இல் உருவாக்கப்பட்ட ஏரி அது. அதில் விட முதலில் தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். 1890இல் அங்கே படகுக் கழகம் தொடங்கப்பட்டது. கடற்கரையிலிருந்து படகு மலையேறி வந்திருக்கிறது. அதன் பாகங்களைப் பற்றிய அறிவையும் மலையேற்றிப் பார்க்கலாமே என்று தோன்றியது. விசையும் அழுத்தமும் எட்டாம் வகுப்பில் நடத்துகிறோம். அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

கரும்பலகையில் நடத்திய பாடம்

முதலில் வழக்கம்போல்தான் நடத்தினேன். கரும்பலகையில் சிறிய பாய்மரப் படகு ஒன்றைப் பக்கவாட்டில் வரைந்து, ஆறு பாகங்களுக்கு அம்புக்குறி இட்டேன். உடல், பாய்மரம், பாய், பாயைக் கட்டுப்படுத்தும் கயிறு, நடுப்பலகை, சுக்கான். ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கம் கொடுத்தேன். பிள்ளைகள் அழகாக வரைந்துகொண்டார்கள். வாரக் கடைசியில் வளரறி மதிப்பீட்டுக்காக (ஆ) ஒரு சிறுதேர்வு வைத்தேன். படத்தைக் கொடுத்துப் பாகங்களைக் குறிக்கச் சொன்னேன். ஆறு பாகம், ஆறு மதிப்பெண். முக்கால்வாசிப் பேர் ஐந்தோ ஆறோ வாங்கினார்கள். பாடம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு மாணவி மட்டும் ஒன்றே ஒன்று வாங்கியிருந்தாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். வகுப்பில் கை தூக்கி நான் பார்த்ததில்லை. அவளுடைய தாளில் "பாய்" என்பது மட்டும் சரியாக இருந்தது. மற்ற அம்புக்குறிகளுக்குப் பக்கத்தில் பெயருக்குப் பதில் ஏதேதோ எழுதியிருந்தாள். நடுப்பலகைக்கு எதிரே "பக்கமா நழுவாம இருக்க" என்று இருந்தது. சுக்கானுக்கு எதிரே "திருப்ப. தண்ணி ஓடினாத்தான்" என்று எழுதியிருந்தாள். கேட்டது பெயர், அவள் எழுதியது பெயர் அல்ல. சிவப்பு மையில் ஐந்து இடத்தில் சுழித்துவிட்டு, மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டேன்.

வாழை மரத்தில் ஒரு படகு

அடுத்த வாரம் செயல்பாட்டுக்காக மாதிரி செய்யச் சொன்னேன். கொடைக்கானல் பகுதியில் பிளாஸ்டிக் பாட்டிலைத் தவிர்க்கும்படி நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதனால் பாட்டில் படகு வேண்டாம் என்று முடிவெடுத்தோம். குலை வெட்டிய வாழை மரம் எங்கள் ஊரில் எல்லாத் தோட்டத்திலும் கிடக்கும். அதில் ஓர் அடி நீளத் துண்டை நெடுக்காகப் பிளந்து, தட்டைப் பக்கம் மேலே வரும்படி வைத்து, பட்டை பிரியாமல் நாரால் கட்டினோம். பாய்மரத்துக்குப் பென்சில் கனத்தில் மூங்கில் குச்சி. பாய்க்குப் பழைய குடைத்துணி. கயிற்றுக்குச் சணல். நடுப்பலகைக்கு உடைந்த இரும்பு அடிக்கோல். சுக்கானுக்கு உடைந்த பிளாஸ்டிக் அடிக்கோல். கத்தி வேலையை நானும் சத்துணவு அம்மாவும் செய்தோம். ஐந்து குழு, ஐந்து படகு.

பள்ளிக்குப் பக்கத்தில் மாடுகள் தண்ணீர் குடிக்கும் நீளமான சிமெண்ட் தொட்டி இருக்கிறது. முழங்கால் ஆழம். அதில் படகுகளை விட்டு, பக்கவாட்டிலிருந்து பரீட்சை அட்டையால் விசிறினோம்.

நான்கு படகுகள் முன்னே போகவில்லை. மூன்று அப்படியே பக்கவாட்டில் நழுவித் தொட்டிச் சுவரில் முட்டின. அந்தக் குழுக்கள் அடிக்கோலைப் படகின் அடியில் வெறும் அரை அங்குலம் நீட்டிவிட்டிருந்தன. நான்காவது படகில் அடிக்கோல் ஆழமாகத்தான் இருந்தது. ஆனால் படகின் குறுக்கே, கதவு சாத்தியதுபோல நின்றது. அது எந்தப் பக்கமும் போகாமல் நின்ற இடத்தில் ஆடியது. ஆறுக்கு ஆறு வாங்கிய மாணவர்கள் அந்தக் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள்.

தவறு அவர்களுடையது அல்ல. என் கரும்பலகைப் படத்தில் நடுப்பலகை ஒரு செவ்வகம். அது எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதை அந்தப் படம் அவர்களுக்குச் சொல்லவில்லை. பெயரைச் சரியான இடத்தில் எழுதினார்கள், அவ்வளவுதான்.

ஐந்தாவது படகு மட்டும் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகப் போனது. அது ஒரு மதிப்பெண் வாங்கிய மாணவியின் குழு. "எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டேன். "ஓடையில வாழைமட்டைப் படகு விடுவோம் டீச்சர். அடியில ஓட்டுச்சில்லு செருகலன்னா காத்து கரைக்குத் தள்ளிரும்" என்றாள்.

ஒவ்வொரு பாகமாக எடுத்துப் பார்த்தோம்

அன்று மாலையே அடுத்த வகுப்புக்கான திட்டத்தை மாற்றினேன். பெயரில் தொடங்க வேண்டாம். எல்லாப் படகையும் அந்த மாணவியின் படகைப் போலச் சரிசெய்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது. "எடுத்தது என்ன, நடந்தது என்ன, ஏன்" என்று மூன்று கட்டங்கள் கொண்ட அட்டவணை போட்டோம். அதில் நிரம்பியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

நடுப்பலகை: எடுத்தால் படகு பக்கவாட்டில் நழுவுகிறது. பக்கத்திலிருந்து வரும் காற்று பாயைத் தள்ளும்போது அந்த விசையில் ஒரு பகுதி படகை முன்னோக்கியும் ஒரு பகுதி பக்கவாட்டிலும் செலுத்தப் பார்க்கிறது. தண்ணீருக்குள் நீளவாக்கில் நிற்கும் பலகை, பக்க நகர்வுக்குப் பெரிய தடையாகவும் முன் நகர்வுக்கு மிகச் சிறிய தடையாகவும் இருக்கிறது. அதனால்தான் படகு முன்னே போகிறது. கரை ஒட்டும்போது பலகையை மேலே தூக்கிக்கொள்ளலாம். பெரிய கலங்களில் தூக்கும் பலகை கிடையாது. அடியில் நெடுக ஓடும் முதுகெலும்புபோன்ற கட்டை இருக்கும். அதை ஏரா என்பார்கள்.

சுக்கான்: எடுத்தால் படகு தன் போக்கில் திரும்பிவிடுகிறது. சற்றே சாய்த்து வைத்தால் படகு வளைந்து போகிறது. பிறகு படகை அசையாமல் நிறுத்திவிட்டுச் சுக்கானை மட்டும் சாய்த்துப் பார்த்தோம். படகு திரும்பவில்லை. சுக்கானை உரசித் தண்ணீர் ஓடினால்தான் அது வேலை செய்யும். "தண்ணி ஓடினாத்தான்" என்று தாளில் எழுதியிருந்தது இதைத்தான். இன்னொன்றையும் கவனித்தோம். சுக்கானின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும்.

கயிறு: பாயின் பின்முனையைக் கட்டியிருந்த சணலை அவிழ்த்துவிட்டோம். பாய் கொடிபோலப் படபடத்தது, படகு நின்றுவிட்டது. இழுத்துக் கட்டினால் ஓடியது. பாய்மரப் படகுக்கு வேகமுடுக்கியும் பிரேக்கும் இந்தக் கயிறுதான். பலத்த காற்றில் படகு சாயும்போது கற்றுக்கொள்பவருக்கு முதலில் சொல்லித்தரும் பாதுகாப்புப் பாடமும் இதுவே: கயிற்றை விடு. ஆங்கிலத்தில் இந்தக் கயிற்றை ஷீட் என்கிறார்கள். அதைக் கேட்டதும் பிள்ளைகள் பாய்த்துணியைத்தான் காட்டினார்கள். பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

பருமல்: பாயை விரித்துப் பிடிக்கும் குச்சி. என் முதல் படத்தில் இது விட்டுப்போயிருந்தது. பிள்ளைகள் பாய் சுருங்காமல் இருக்கத் தாங்களாகவே ஒரு குச்சி கட்டினார்கள். அதை எடுத்ததும் பாய் சுருண்டு காற்றை நழுவவிட்டது. பட்டியலில் ஏழாவது பாகம் இப்படித்தான் சேர்ந்தது.

பாய்மரம்: நடுவில் இருந்ததை முழுக்கப் பின்பக்கம் மாற்றி நட்டோம். படகு காற்று வரும் திசையை நோக்கியே மூக்கைத் திருப்பியது. முழுக்க முன்னால் நட்டால் காற்றுக்கு எதிர்ப்புறம் திரும்பியது. மரம் இருந்தால் போதாது, இருக்கும் இடமும் முக்கியம்.

உடல்: இதை எடுக்க முடியாது. பதிலாக, படகை முன்பின்னாகத் திருப்பி விட்டோம். கூராகச் செதுக்கிய முன்பக்கத்தின் பயன் உடனே தெரிந்தது.

ஆள் என்ற பாகம்

ஒரு மாணவன் கேட்டான்: "நம்ம படகு சாயாம இருக்க அடியில இரும்பு இருக்கு. அந்த அக்கா படகுலயும் இரும்பா?" மிக நல்ல கேள்வி. போட்டிக்கான சிறு படகுகளில் நடுப்பலகை கனமானது அல்ல. அங்கே எடை, ஓட்டுபவரின் உடல்தான். காற்று பாயை ஒருபக்கம் சாய்க்க, ஓட்டுபவர் எதிர்ப்பக்க விளிம்பில் அமர்ந்து உடலை வெளியே சாய்த்துச் சமன் செய்கிறார். வாசிப்பு மூலையில் இருந்த படம் அப்போதுதான் பிள்ளைகளுக்கு முழுதாகப் புரிந்தது.

இது நம் கடற்கரைக்கும் பழக்கமான முறைதான். பாக் நீரிணைப் பகுதியின் பாய்மர வள்ளங்களில் குறுக்கே நீண்ட பலகை ஒன்றை வைத்து, காற்று வரும் பக்கம் அதன்மேல் ஆட்கள் ஏறிச் சமன் செய்யும் வழக்கம் இருந்தது. ஏற்றப் பலகை விளையாட்டில் எடை குறைந்த பிள்ளை நுனிக்கு நகர்வது ஏன் என்று கேட்டால் திருப்புத்திறன் பாடத்துக்கும் இங்கிருந்தே வழி கிடைத்துவிடும்.

குழந்தைகளே ஓட்டும் படகு உண்டா என்றும் கேட்டார்கள். உண்டு. ஆப்டிமிஸ்ட் என்ற சிறு படகை 1947இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தார். நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், உடலின் எடை 35 கிலோ. ஒரே பாய், ஒரே ஆள். 15 வயது வரையிலான குழந்தைகள் உலகெங்கும் இதில்தான் கற்கத் தொடங்குகிறார்கள். அந்த அளவை வகுப்புத் தரையில் சாக்பீசால் வரைந்தோம். இரண்டு பெஞ்சு இடத்தில் ஒரு படகு அடங்கிவிட்டது. அதற்குள் உட்கார்ந்து, கயிறு ஒரு கையிலும் சுக்கான் பிடி ஒரு கையிலுமாக நடித்துப் பார்த்தார்கள்.

காற்றை எதிர்த்து மலையேறுதல்

எல்லாரும் இடறும் இடம் ஒன்று உண்டு. காற்று வரும் திசையை நோக்கியே போக வேண்டுமானால் என்ன செய்வது? நேராகப் போக முடியாது. காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகை கோணத்தில் ஒருபக்கம் சற்றுத் தூரம், பிறகு திரும்பி மறுபக்கம் சற்றுத் தூரம் என்று வளைந்து வளைந்து முன்னேற வேண்டும்.

இதை விளக்க எனக்குத் தொட்டிகூடத் தேவைப்படவில்லை. "வத்தலக்குண்டிலிருந்து பஸ் எப்படிக் கொடைக்கானல் ஏறுது?" என்று கேட்டேன். மலையில் செங்குத்தாகப் பஸ் ஏற முடியாது. கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பித்தான் ஏறும். காற்றும் படகுக்கு ஒரு மலை என்றேன். கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கைவராத ஓர் உவமை மலைப் பிள்ளைகளுக்குச் சட்டென்று கைவந்தது.

கூடவே காற்றின் பெயரும் தெளிவானது. வாடை, கொண்டல், தென்றல் என்று நாம் சொல்வது காற்று எங்கே போகிறது என்பதை அல்ல, எங்கிருந்து வருகிறது என்பதை. வடகிழக்குப் பருவக்காற்றும் அப்படியே. சமூக அறிவியல் தேர்வில் ஆண்டுதோறும் பிழையாகும் இந்தச் செய்தி, கையில் ஈரவிரலைப் பிடித்துக் காற்றைப் பார்த்தபின் பிழையாகவில்லை. மலை சூழ்ந்த ஏரியில் பாய் விரிப்பது ஏன் கடினம் என்பதையும் பிள்ளைகளே சொன்னார்கள். சரிவுகளிலும் மரங்களிலும் மோதி வரும் காற்று ஒரே திசையில் நிலைத்து வீசாது.

பெயர்கள் கடைசியில் வந்தன

வேலை புரிந்தபின் பிள்ளைகளே பெயர் கேட்டார்கள். தமிழாசிரியரை வகுப்புக்கு அழைத்தேன். படகின் முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம், பாயை விரிக்கும் கட்டை பருமல், பாயை இழுத்துக் கட்டும் கயிறு தாமான், பாயை மேலேற்றும் கயிறு ஆஞ்சான் என்று அவர் கடற்கரைச் சொற்களை எழுதிப்போட்டார். இவை ஊருக்கு ஊர் சற்று மாறும் என்பதையும் சொன்னார். சுக்கான் அரபு வழி நமக்கு வந்த சொல். நம்முடைய கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. கரிகாலனின் முன்னோர் காற்றை ஆண்டு கலம் செலுத்தியதை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாடலில் பாடியிருப்பதையும் அவர் எடுத்துரைத்தார். அட்டவணையில் பெயர் எழுத நான்காவது கட்டம் ஒன்று போட்டோம். அந்தக் கட்டத்தை நிரப்ப யாரும் மனப்பாடம் செய்யவில்லை.

திருத்திய மதிப்பெண்

அந்தச் சிறுதேர்வுத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த மாணவி எழுதிய ஐந்தில் நான்கு, பாகத்தின் வேலையைச் சரியாகச் சொல்லியிருந்தது. கயிற்றுக்கு எதிரே மட்டும் எதுவும் தெளிவாக இல்லை. படகைப் பற்றி அந்த வகுப்பில் அதிகம் தெரிந்தவளுக்கு ஒரு மதிப்பெண்ணும், படத்தைப் பார்த்து எழுதியவர்களுக்கு ஆறும் கொடுத்திருந்தேன். கேள்வி பெயரைத்தான் கேட்டது, எனவே நான் திருத்தியது விதிப்படி சரி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கேள்வியைத் தயாரித்ததும் நான்தானே?

வகுப்பின் முன் அதைச் சொன்னேன். "அந்தத் தேர்வு சரியா இல்ல. நான்தான் தப்பாக் கேட்டேன்." எல்லாருக்கும் மறுதேர்வு வைத்தேன். இம்முறை கேள்விகள் இப்படி இருந்தன:

1. ஒரு படகு முன்னே போகாமல் பக்கவாட்டில் நழுவுகிறது. எந்தப் பாகத்தைப் பார்ப்பீர்கள்? ஏன்?
2. பலத்த காற்றில் படகு சாய்கிறது. உடனே செய்ய வேண்டியவை இரண்டைக் கூறுக.
3. நிற்கும் படகில் சுக்கானைத் திருப்பினால் என்ன ஆகும்?
4. காற்று கிழக்கிலிருந்து வருகிறது. கிழக்குக் கரைக்குப் போகும் வழியை வரைந்து காட்டுக.

விடையை எழுதவோ, வரையவோ, தொட்டியில் செய்து காட்டவோ அனுமதித்தேன். அந்த மாணவி நான்கில் மூன்றை எழுதினாள், நான்காவதை வரைந்தாள். முழு மதிப்பெண். பழைய பதிவை அடித்துப் புதியதை எழுதிக் கையொப்பமிட்டேன். அவள் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். ஆனால் தாமான், பருமல் என்ற சொற்களைத் தடுமாறாமல் வாசிக்கிறாள். அவை எதைக் குறிக்கின்றன என்று அவள் கைக்குத் தெரியும். வாசிப்புப் பயிற்சிக்கும் இப்போது படகு அட்டவணையிலிருந்தே தொடங்குகிறேன். சில நாள்களாக வகுப்பில் கையும் தூக்குகிறாள்.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு

மாதிரி செய்ய ஒன்று, எடுத்துப் பார்க்க ஒன்று, பெயருக்கும் தொகுப்புக்கும் ஒன்று என மூன்று பாடவேளை போதும். முழங்காலுக்கு மேல் ஆழமில்லாத தொட்டியோ அகன்ற அண்டாவோ போதுமானது. ஓடை, குளம், ஏரி வேண்டவே வேண்டாம். களப்பயணத்தில் உண்மையான படகில் ஏறினால் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒரு குழந்தையையும் ஏற்றாதீர்கள். வாழை மரம் கிடைக்காத ஊரில் முருங்கைக் கட்டையோ நெட்டியோ பயன்படும். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் எடுங்கள். இரண்டை எடுத்தால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாது.

இந்த முறை படகுக்கு மட்டுமானதும் அல்ல. பூவின் பாகங்கள், மிதிவண்டியின் பாகங்கள், ஒரு வாக்கியத்தின் பாகங்கள் என்று நாம் அம்புக்குறி போட்டு நடத்தும் பாடங்கள் ஏராளம். அடுத்த முறை அம்புக்குறி போடும் முன் "இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வகுப்பில் இதுவரை கை தூக்காத ஒரு பிள்ளை அதற்கு விடை சொல்லக்கூடும்.